அது கோள் அல்ல

மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று எங்கள் தமிழாசிரியை தொலைபேசியில் கேட்டபோது, "உங்கட ஆராய்ச்சியப் பத்தியே எழுதுங்க மகள், பிள்ளைகள் ஆசையாப் படிப்பாங்க" என்றார். உடனே ஒத்துக்கொண்டேன். பயம் பிறகுதான் வந்தது. வானியலில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன் என்றால் ஊரில் முதலில் கேட்பது, "ராவெல்லாம் முழிச்சிருந்து நட்சத்திரம் பார்க்கிறதா?" என்பதுதான். இரண்டாவது, "அதப் படிச்சி என்ன தொழில்?" மூன்றாவது கேள்வியை என்னிடம் யாரும் கேட்பதில்லை. அதை உம்மாவிடம் கேட்பார்கள்.

முதலாவதற்கு விடை, இல்லை. இரவில் நான் நன்றாக உறங்குகிறேன். என் வேலை பகலில், பௌதிகவியல் துறையின் மேல்மாடி அறை ஒன்றில், சத்தம் போடும் மின்விசிறிக்குக் கீழே, மடிக்கணினிக்கு முன்னால் நடக்கிறது. பெரிய தொலைகாட்டி ஒன்றை நான் கண்ணால் கண்டதே இரண்டு தடவைதான். மொறட்டுவை கட்டுபெத்தையில் இருக்கும் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி அது. முதல் தடவை வானம் முழுக்க முகில். இரண்டாம் தடவை சனியின் வளையத்தைப் பார்த்தேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் இருமும் வரை கண்ணை எடுக்கவில்லை.

அப்படியானால் எதைத்தான் ஆராய்கிறாய் என்று கேட்பீர்கள். 2018 ஏப்ரலில் நாசா ஏவிய டெஸ் என்ற விண்கலம் நான்கு கமராக்களால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை ஏறத்தாழ 27 நாட்கள் வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு அடுத்த துண்டுக்குத் திரும்பும். அது எடுக்கும் படங்களைப் பின்னர் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இருப்பவருக்கும், எங்கள் ஊரில் மழைக்கு அறுந்து அறுந்து வரும் இணைய இணைப்போடு இருக்கும் எனக்கும் ஒரே படம்தான். ஒரு நட்சத்திரத்தைக் கோள் ஒன்று சுற்றிவருகிறது என்று வையுங்கள். அது எங்களுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே குறுக்கிடும் ஒவ்வொரு முறையும் நட்சத்திரத்தின் ஒளி ஒரு துளி குறையும். சரியான இடைவெளியில் திரும்பத் திரும்பக் குறைந்தால் அங்கே ஏதோ சுற்றுகிறது என்று அர்த்தம். அந்தக் குறைவைத் தேடுவதுதான் என் வேலை.

வாப்பாவுக்கு இதைக் காசில்தான் விளங்கப்படுத்தினேன். அவர் பலசரக்குக் கடைக்காரர். "சூரியனின்ட முழு வெளிச்சத்தையும் பத்தாயிரம் ரூபா என்டு வையுங்க வாப்பா. தூரத்தில இருந்து பார்க்கிற ஆக்களுக்கு, வியாழன் குறுக்கால போனா நூறு ரூபா குறையும். பூமி போனா 84 சதம் குறையும்." வாப்பா கொஞ்சம் யோசித்தார். "பத்தாயிரத்தில 84 சதத்த ஆர் மகள் கணக்குப் பார்க்கிற?" என்றார். நாங்கள்தான் வாப்பா, என்றேன்.

எங்கள் ஊர் கிழக்குக் கரையில் இருக்கிறது. கடல் கிழக்கே. ஆனால் பிறை தெரிவது மேற்கே, வயல் பக்கம். சின்ன வயதில் நோன்பு 29 ஆனால் மஃரிபு நேரம் வாப்பா என்னையும் காக்காவையும் சைக்கிளில் வைத்து வயல் வரம்புக்குக் கொண்டுபோவார். அங்கே இன்னும் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். ஏழு வயதிருக்கும் எனக்கு. ஒரு வருடம், எல்லோரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கையை நீட்டி, "அந்தா, நான் கண்டுட்டன்!" என்று கத்தினேன். பெரியவர்கள் எல்லோரும் என் விரல் போன பக்கம் திரும்பினார்கள். அங்கே மெல்லிய முகிலொன்றின் ஓரம் செந்நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. வாப்பா ஏசவில்லை. குந்தி இருந்து, என் முகத்துக்கு நேரே, "கண்டியா, காண ஆசப்பட்டியா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாள் எங்களுக்கு நோன்பு முப்பது.

நட்சத்திரங்களின் பெயர்கள் என்னை இழுத்தது அதற்குப் பிறகு. எட்டாம் வகுப்பில் எங்கள் நூலகத்தில் கிடைத்த பழைய வானியல் புத்தகமொன்றில் ரிஜெல் என்ற நட்சத்திரத்தின் பெயர் இருந்தது. வேட்டைக்காரன் உருவத்தின் காலடியில் இருப்பது அது. ரிஜ்ல் என்றால் அரபியில் கால் என்று குர்ஆன் மத்ரஸாவில் படித்த எனக்குத் தெரியும். அல்டெபரான் பின்தொடர்வது, அல்டெயர் பறப்பது. பத்தாம் நூற்றாண்டில் ஈரானில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964 இல் எழுதிய நட்சத்திர நூலில், இன்று அன்ட்ரொமீடா பால்வீதி என்று நாம் அறியும் பொருளைச் சின்ன முகில் என்று குறித்திருக்கிறார் என்றும் அந்தப் புத்தகம் சொன்னது. தொலைகாட்டி இல்லாத காலத்தில், வெறுங்கண்ணால் பார்த்து.

உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவு படித்தேன். பொறியியலுக்கு இசட் புள்ளி காணவில்லை, விஞ்ஞான பீடம் கிடைத்தது. உம்மா இரண்டு நாள் அழுதா. நானும்தான். அதைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் வருடத்தில் ஒரு விரிவுரையாளர் டெஸ் தரவைத் திறந்து காட்டிய நாளோடு அந்தக் கவலை மறந்துபோனது.

சென்ற வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, அஸருக்குப் பிறகு, திரையில் அதைக் கண்டேன். பெயரில்லாத ஒரு நட்சத்திரம், நீண்ட இலக்கம் மட்டும்தான் உண்டு. 3.4 நாட்களுக்கு ஒரு தடவை ஒளி குறைகிறது. 27 நாட்களில் எட்டுத் தடவை வந்திருக்க வேண்டும். விண்கலம் பூமிக்குத் தரவு அனுப்பும் இடைவெளியில் ஒன்று விழுந்துபோக, மீதி ஏழும் சொல்லி வைத்ததுபோல் நேரத்துக்கு வந்திருந்தன. குறைவு பத்தாயிரத்துக்கு நூறு ரூபாய்க்குக் கிட்ட. வியாழன் அளவு! பழைய பட்டியல்களில் தேடினேன். யாரும் குறிப்பிட்டிருக்கவில்லை.

அன்றிரவு உம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னதுதான் நான் விட்ட முதல் பிழை. உம்மா சாச்சிக்குச் சொன்னா. சாச்சி சொல்லாத ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தபோது பஸ் தரிப்பிடத்தில் முச்சக்கர வண்டிக்காரக் காக்கா, "தங்கச்சி புதுக் கிரகம் ஒண்டு புடிச்சிட்டீங்களாமே" என்று காசு வாங்க மறுத்துவிட்டார்.

என் மேற்பார்வையாளர் மட்டும் சந்தோஷப்படவில்லை. வரைபைப் பார்த்துவிட்டு, "அழகாயிருக்கு. அதுதான் எனக்குப் பயம்" என்றார். ஒற்றை எண் குறைவுகளையும் இரட்டை எண் குறைவுகளையும் வேறுவேறாக அளந்தாயா? பக்கத்தில் வேறு நட்சத்திரம் இருக்கிறதா? இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். போய் இரண்டு மாணவர்களின் கதையை வாசித்துவிட்டு வா என்றார்.

முதலாவது மாணவி ஜோஸ்லின் பெல். வட அயர்லாந்தில் பிறந்தவர். அவருடைய பாடசாலையில் ஆண் பிள்ளைகளை விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கும் பெண் பிள்ளைகளை மனையியல் அறைக்கும் அனுப்பினார்களாம். பெற்றோர் போய்ச் சண்டை பிடித்துத்தான் மகளுக்கு விஞ்ஞான வகுப்பு வாங்கிக் கொடுத்தார்கள். பெற்றோர் இந்த மலரை வாசிப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். பதினோரு வயதுச் சோதனையில் சித்தியடையாத பிள்ளை அவர் என்பதையும் சேர்த்து. கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, தன்னைத் தவறுதலாக எடுத்துவிட்டார்கள், எப்படியும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தாராம். அனுப்பும் வரை உழைப்போம் என்று முடிவெடுத்தார். நாலரை ஏக்கர் வெளியில் கம்பம் நட்டு, கம்பி கட்டி, சம்மட்டி பிடித்து, இரண்டு வருடம் அந்த வானொலித் தொலைகாட்டியைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். கட்டி முடிந்ததும் அதை இயக்குவதும் தாளை வாசிப்பதும் அவர் தலையில் விழுந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் தாள். கணினி இல்லை, கண்தான்.

1967 ஆகஸ்ட் மாதத் தாளில் அரை சென்ரிமீற்றர் அளவில் ஒரு கிறுக்கல். நானாக இருந்தால் தாளைச் சுருட்டி வைத்திருப்பேன். அவர் அதே கிறுக்கல் வானத்தின் அதே இடத்தில் முன்பும் வந்ததை நினைவில் பிடித்தார். நவம்பரில் தாளை வேகமாக ஓடவிட்டபோது, 1.33 செக்கனுக்கு ஒரு துடிப்பு என்று தெரிந்தது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம் அல்ல, தான் கம்பியைப் பிழையாக இணைத்துவிட்டேனோ என்ற பயம். வேறொரு தொலைகாட்டியாலும் பார்த்துச் சரியென்று கண்ட பிறகும், அது வேற்றுலகவாசிகளின் சைகையோ என்று அரைப் பகிடியாகப் பெயர் வைத்தார்கள். நத்தாருக்குச் சற்று முன், வானத்தின் இன்னொரு மூலையில் இரண்டாவது துடிப்பை அவரே கண்டுபிடித்தார். இரண்டு மூலையில் இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் பூமியைக் கூப்பிடாது. துடிப்பவை நட்சத்திரங்கள்தான். இன்று பல்சார் என்கிறோம்.

செய்தி வெளியானதும் பத்திரிகைக்காரர்கள் அவருடைய பேராசிரியரிடம் விஞ்ஞானத்தைக் கேட்டார்கள். அவரிடம், எத்தனை காதலர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்தக் காலத்தில்தான் அவருக்குத் திருமணம் நிச்சயமானது. விரலில் மோதிரத்தைக் கண்டவர்கள், இனி இவள் வேலையை விட்டுவிடுவாள் என்று எடுத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். (இந்த இடத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் தரகர் வந்தபோது, "படிப்ப விடச் சொல்ற இடம் வேணாம்" என்று சொல்லி அனுப்பியதாக ராத்தா சொன்னா.) 1974 இல் நோபல் பரிசு பேராசிரியருக்கும் இன்னொருவருக்கும் போனது. அவருக்கு இல்லை. அவர் அதை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, இன்றும் கோபம் வருகிறது. 2018 இல் முப்பது இலட்சம் டொலர் பரிசொன்று கிடைத்தபோது, முழுத்தொகையையும் பெண்கள், சிறுபான்மையினர், அகதிகள் போன்றோர் பௌதிகவியல் ஆய்வு படிப்பதற்கென்று கொடுத்துவிட்டார்.

இரண்டாவது மாணவர் டிடியே கெலோ, சுவிற்சர்லாந்து. 1995 இல் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை முதன்முதலில் கண்டவர்களில் ஒருவர். அப்போது அவர் கலாநிதிப் பட்ட மாணவர், பேராசிரியர் வெளிநாட்டில். அந்தக் கோள் 4.2 நாளில் நட்சத்திரத்தைச் சுற்றிவிடுகிறது. அவ்வளவு கிட்டத்தில் அவ்வளவு பெரிய கோளை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. தன்னுடைய கருவியோ தான் எழுதிய கணினி நிரலோதான் பிழை என்று நினைத்து, வெளியே சொல்லாமல் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தாராம். பேராசிரியரோடு சேர்த்து 2019 இல் அவருக்கு நோபல் கிடைத்தது. மாணவருக்கும் கொடுக்கலாம் என்று இடையில் எப்போதோ யாருக்கோ தோன்றியிருக்கிறது.

வாசித்து முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் இருவரும் முதலில் தங்கள் கருவியைச் சந்தேகித்தார்கள். நான் முதலில் உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வாப்பாகூடக் காலையில் கடை திறந்ததும் தட்டு இரண்டையும் துடைத்து, தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் சாமானை நிறுப்பார்.

நாட்டில் நடக்கும் ஓர் ஆய்வு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்ப அடுத்த வியாழன் நள்ளிரவு கடைசி. வருட முடிவோடு என் உதவிப்பணம் தீர்கிறது. மாநாட்டில் ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னால் நீடிப்புக் கேட்பது இலகு. சுருக்கத்தை எழுதியும் வைத்திருந்தேன். அந்த வியாழன் பின்னேரம் ஒற்றை, இரட்டைக் குறைவுகளைப் பிரித்து அளந்தேன். ஒன்று, மூன்று, ஐந்து என்று வந்தவை நூற்றுப்பத்து ரூபாய். இரண்டு, நான்கு, ஆறு என்று வந்தவை தொண்ணூற்றைந்து. ஒரே கோள் குறுக்கிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் குறையவேண்டும். மாறி மாறி இரண்டு அளவு வருகிறதென்றால், இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி, முறைவைத்து மறைக்கின்றன. சுற்றுக்காலம் 3.4 அல்ல, 6.8 நாள்.

ஆனால் இரண்டு நட்சத்திரங்கள் மறைத்தால் ஒளி இதைவிட நன்றாகக் குறைய வேண்டுமே என்று மனம் வாதாடியது. காயா என்ற ஐரோப்பிய விண்கலம் ஏறத்தாழ 180 கோடி நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்து வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைத் திறந்தேன். என் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மங்கலான இன்னொன்று இருந்தது, ஒளி நாற்பதில் ஒரு பங்கு. டெஸ் படத்தின் ஒரு சிறு சதுரம் முழுநிலவின் குறுக்களவில் ஏறத்தாழ 90 இல் ஒரு பங்கு. கேட்கச் சின்னதுதான், ஆனால் அதற்குள் அயல் நட்சத்திரங்களின் வெளிச்சமெல்லாம் கலந்துவிடும். மங்கலானது தன் ஒளியில் நூற்றுக்கு நாற்பதை இழந்தால், மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று குறைந்ததாகத் தெரியும். அளக்கும் சதுரத்தை அந்தப் பக்கம் ஒன்று தள்ளிப் பார்த்தேன். குறைவு இன்னும் ஆழமானது. மறுபக்கம் தள்ளினேன். அநேகமாக மறைந்தே போனது.

அப்போது இஷா முடிந்து, மணி ஒன்பதரை. அனுப்புவதற்கு இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருந்தது. எங்கள் துறையில் 'கோள் வேட்பாளர்' என்று ஒரு சொல் இருக்கிறது. தேர்தலில் நிற்பவரைப்போல, வென்றுதான் ஆகவேண்டும் என்றில்லை. அந்தச் சொல்லைப் போட்டு அனுப்பினால் யாரும் பொய் என்று சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை வரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதானே? நான் வியாழக்கிழமை கணினியையே திறக்கவில்லை என்று வைத்துக்கொண்டால்? இப்படியெல்லாம் யோசித்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் யோசித்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தத் திரைக்கு முன்னால் அப்படியே இருந்தேன்.

பிறகு வாப்பாவுக்கு எடுத்தேன். உம்மாவுக்கு எடுக்கத் தைரியம் வரவில்லை.

"வாப்பா, அது கோள் இல்ல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கடை மூடும் பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. "தராசில பிழையா?" என்றார்.

"தராசில இல்ல. பக்கத்துத் தட்டில இருந்த சாமானையும் சேர்த்து நிறுத்திட்டன்." விளங்கப்படுத்தினேன். இடையில் அழுதும்விட்டேன். வாப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்ப அந்த மங்கலான ரெண்டும் ஒண்டையொண்டு சுத்துறது முந்தி ஆருக்கும் தெரியுமா?" என்றார்.

நான் பார்த்திருக்கவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடியே, மாறும் நட்சத்திரங்களின் பட்டியல்களில் தேடினேன். அந்த மங்கலான நட்சத்திரம் எதிலும் இல்லை.

"தெரியாது வாப்பா."

"அப்ப அத எழுதன்."

தலைப்பை மாற்றி, கோள் போலத் தோன்றிய ஓர் இரட்டை நட்சத்திரம் என்று எழுதி, பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள், மேடையில் பேசுவதற்கு அல்ல, சுவரில் ஒட்டிவைத்து விளக்குவதற்கு. என் தாளுக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர். உதவிப்பண நீடிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இதை எழுதும் நாள்வரை பதில் இல்லை.

இரண்டாவது கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன், தங்கைமாரே. இந்நாட்டில் வானியலாளர் என்ற பெயரில் இருக்கும் தொழில்கள் மிகச் சில. அதை மறைத்து உங்களை ஆசைகாட்ட விரும்பவில்லை. கணினி நிரல் எழுதவும் பிழையான தரவைப் பிடிக்கவும் படித்துக்கொண்டேன், அதைக்கொண்டு பிழைக்கலாம். என்னோடு படித்த இருவர் வங்கியில் அதைத்தான் செய்கிறார்கள். நான் இப்போதைக்கு மாலையில் உயர்தர மாணவிகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஊரில் செய்தியைத் திருத்தும் பொறுப்பை உம்மா ஏற்றுக்கொண்டா. "கிரகம் இல்லயாம். ரெட்டை நட்சத்திரமாம், மகள்தான் முதல்ல கண்டதாம்" என்று அடுத்த வீட்டு மாமியிடம் மதிலுக்கு மேலால் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். இரண்டாவதுதான் பெரிய விஷயம் என்பதுபோல் இருந்தது குரல். முச்சக்கர வண்டிக்காரக் காக்காவிடம் நானே போய் உண்மையைச் சொல்லி அன்றைய காசை நீட்டினேன். வாங்கவில்லை.

இப்போது என் கொப்பியில் 63 குறைவுகள் இருக்கின்றன. 41 க்கு நேரே "அல்ல" என்று எழுதியாயிற்று. சிலது இரட்டை நட்சத்திரம். சிலது வெறும் சந்திரன்: அதன் ஒளி கமராவுக்குள் சிதறினால் தரவு குழம்பிவிடும். வயல் வரம்பில் தேடிய அதே சந்திரனை இப்போது ஏசிக்கொண்டு வேலை செய்கிறேன். மீதி 22 ஐயும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதில் ஒன்று, ஐந்து நாளுக்கொரு தடவை வருவது, நேற்று ஒற்றை இரட்டைச் சோதனையைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் நட்சத்திரம் எதுவும் இல்லை. இன்னும் செய்யவேண்டிய சோதனைகள் நான்கு இருக்கின்றன.

உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.